திருட்டுப் படத்துக்கு ‘குண்டாஸ்’ பாயுமா? மாநிலச் சட்டங்கள் சொல்வது என்ன?

வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு முதல் காட்சி. மாலைக்குள் டெலிகிராமில் லிங்க் வந்துவிடுகிறது. ‘பிரிண்ட் நல்லா இருக்கு, ஆடியோ மட்டும் கொஞ்சம் சுமார்’ என்று விமர்சனமும் கூடவே வருகிறது. பகிர்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இது பெரிய குற்றமாகத் தெரிவதில்லை. ‘எல்லாரும் பார்க்கிறாங்க, நான் பார்த்தா என்ன?’ என்பதுதான் பொதுவான மனநிலை.

ஆனால் தமிழ்நாட்டில் திரைப்படத் திருட்டு என்பது சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், ரவுடிகள் ஆகியோரை அடைக்கும் அதே சட்டத்துக்குள் 20 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ‘குண்டாஸ்’ என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சட்டத்தின்கீழ், வழக்கு விசாரணை முடியாமலேயே ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். பதிப்புரிமைச் சட்டம் இயற்றும் அதிகாரமே இல்லாத ஒரு மாநில அரசால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? அடுத்தவர் வைஃபையைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது, வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் ‘சிம் பாக்ஸ்’ போன்ற தகவல்தொடர்பு சேவைத் திருட்டுகளுக்கும் இது பொருந்துமா? வரிசையாகப் பார்க்கலாம்.

பதிப்புரிமை யார் கையில்?

இந்திய அரசியலமைப்பின் 7-வது அட்டவணை, எந்தத் துறையில் யார் சட்டம் இயற்றலாம் என்று மூன்று பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. பதிப்புரிமை, காப்புரிமை, வணிகச் சின்னம் ஆகியவை மத்தியப் பட்டியலில் 49-வது இடத்தில் இருக்கின்றன. தொலைபேசி, கம்பியில்லாத் தகவல்தொடர்பு, ஒலிபரப்பு ஆகியவை அதே பட்டியலின் 31-வது இடத்தில். அதாவது படத்தைத் திருடுவது, போன் சேவையைத் திருடுவது ஆகிய இரண்டுமே அடிப்படையில் நாடாளுமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. ‘திருட்டு விசிடி தடைச் சட்டம்’ என்று தனியாக ஒரு பதிப்புரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்ற முடியாது.

ஆனால் மாநிலங்களிடம் வேறு இரண்டு சாவிகள் இருக்கின்றன. மாநிலப் பட்டியலின் முதல் இடத்தில் ‘பொது ஒழுங்கு’, இரண்டாவது இடத்தில் ‘காவல் துறை’. பொதுப்பட்டியலின் 3-வது இடத்தில், பொது ஒழுங்கைக் காப்பதற்கான ‘தடுப்புக் காவல்’. முன்வாசல் பூட்டியிருந்ததால் தமிழ்நாடு இந்தப் பக்கவாசல் வழியாக நுழைந்தது.

குண்டர் சட்டத்துக்குள் ‘வீடியோ திருடர்’ எப்படி வந்தார்?

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1982-இல் தமிழ்நாடு 14-ஆம் எண் சட்டம் வந்தது. அப்போது அதில் ஐந்து வகையினர்தான் இருந்தார்கள்: சாராயக் கடத்தல்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலங்களை அபகரிப்போர். பின்னர் வனக் குற்றவாளிகள் சேர்க்கப்பட்டார்கள்.

2000-களின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. படம் வெளியான மறுநாளே பர்மா பஜாரில் விசிடி கிடைத்தது. உள்ளூர் கேபிள் சேனல்களில் புதுப்படம் ஓடியது. தொலைதூரப் பேருந்துகளில் பயணிகள் புதுப்படம் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்த சிறு தயாரிப்பாளர்களும், மினிமம் கியாரண்டி கொடுத்துப் படம் வாங்கிய விநியோகஸ்தர்களும் ‘இப்படியே போனால் தொழிலை மூட வேண்டியதுதான்’ என்று அரசிடம் முறையிட்டார்கள். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு 2004-இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி ‘வீடியோ திருடர்’ என்ற புதிய வகையைச் சேர்த்தது.

யார் வீடியோ திருடர்? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி தண்டனைக்குரிய வகையில், ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமையையோ அதன் ஒலித்தடத்தின் பதிப்புரிமையையோ மீறுபவர், மீற முயல்பவர், அதற்கு உடந்தையாக இருப்பவர். இங்கேதான் சூட்சுமம். மாநிலம் புதிதாக ஒரு பதிப்புரிமைக் குற்றத்தை உருவாக்கவில்லை. மத்தியச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் குற்றத்தைச் சுட்டிக்காட்டி, ‘அதைச் செய்பவரால் பொது ஒழுங்கு கெடுகிறது என்றால் தடுப்புக் காவலில் வைப்போம்’ என்று சொல்லிவிட்டது.

பிற்பாடு மணல் குற்றவாளிகளும், 2014-இல் சைபர் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். இன்று சட்டத்தின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது கஷ்டம்.

மற்ற மாநிலங்களில்?

தமிழ்நாடு தனியாக இல்லை. மகாராஷ்டிராவின் 1981-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தில் குடிசை மாஃபியா, சாராயக் கடத்தல்காரர்கள் ஆகியோரோடு வீடியோ திருடர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் குண்டர் சட்டத்தில் ‘வீடியோ அல்லது ஆடியோ திருடர்’ என்றே இருக்கிறது. 2014-இல் அங்கே ‘டிஜிட்டல் குற்றவாளி’ என்ற வகையும் சேர்க்கப்பட்டபோது, பெங்களூரில் ஐடி ஊழியர்கள் நடுவே பெரிய விவாதமே நடந்தது. கேரளத்தின் 2007-ஆம் ஆண்டு ‘காப்பா’ சட்டத்தில் ‘டிஜிட்டல் தரவு மற்றும் பதிப்புரிமைத் திருடர்’ என்ற வகை இருக்கிறது. எல்லாருமே தேர்ந்தெடுத்த வழி ஒன்றுதான்: பதிப்புரிமையை நேரடியாகத் தொடாமல், தடுப்புக் காவல் வழியாகப் போவது.

சாதாரணக் கைதுக்கும் குண்டாஸுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண வழக்கில் குற்றம் நடந்தபிறகு கைது, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் ஆஜர், வழக்கறிஞர், ஜாமீன் மனு, விசாரணை, தீர்ப்பு என்று ஒரு வரிசை உண்டு. குற்றத்தை நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு.

தடுப்புக் காவல் அப்படியில்லை. ‘இவரை வெளியே விட்டால் மறுபடியும் செய்வார்’ என்ற கணிப்பின் பேரில் அடைப்பது அது. உத்தரவு போடுவதும் நீதிமன்றம் இல்லை. மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகரக் காவல் ஆணையர்.

கால வரிசை இப்படிப் போகும்:

• காவலில் வைத்த 5 நாட்களுக்குள் காவலுக்கான காரணங்களை எழுத்துபூர்வமாகக் கைதிக்குத் தர வேண்டும்.

• 12 நாட்களுக்குள் மாநில அரசு அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இல்லையென்றால் உத்தரவு தானாகவே காலாவதியாகும்.

• 3 வாரத்துக்குள் விவகாரம் ஆலோசனைக் குழுவுக்குப் போக வேண்டும். 7 வாரத்துக்குள் குழு கருத்துச் சொல்ல வேண்டும். ‘போதிய காரணம் இல்லை’ என்று குழு சொன்னால் விடுவித்தே ஆக வேண்டும்.

• குழு ஏற்றுக்கொண்டால், அதிகபட்சம் 12 மாதங்கள் வரை காவல்.

ஆலோசனைக் குழு முன்பு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கைதிக்குக் கிடையாது. ஜாமீன் என்ற பேச்சே இல்லை. குடும்பத்தினருக்கு இருக்கும் முக்கிய வழி, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவது. அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. ‘கைதியின் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம்’, ‘கொடுத்த ஆவணங்களைப் படிக்கவே முடியவில்லை’, ‘மொழிபெயர்ப்பு தரவில்லை’ போன்ற காரணங்களுக்காக உத்தரவுகள் ரத்தாவது சகஜம். ஆனால் அதற்குள் சிறையில் கழிந்த நாட்கள் திரும்பி வராது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக் காவல் கைதிகள் அதிகம் உள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு தொடர்ந்து முன்னணியில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படத் திருட்டால் பொது ஒழுங்கு கெடுமா?

இந்தச் சட்டத்தின் உயிர்நாடியான கேள்வி இது. ‘சட்டம் ஒழுங்கு’ என்று நாம் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். உச்ச நீதிமன்றம் அதில் கோடு கிழித்திருக்கிறது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டங்களைச் சொன்னார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சின்ன வட்டம் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. பெரிய வட்டத்துக்குள் நடக்கும் எல்லாமே சின்ன வட்டத்தைத் தொடுவதில்லை. இருவர் சண்டை போட்டால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. ஊரே பயந்து கதவைச் சாத்தினால்தான் பொது ஒழுங்குப் பிரச்சினை.

குண்டர் சட்டமும் மக்களிடையே அச்சம், பாதுகாப்பின்மை, உயிருக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ பெரும் ஆபத்து என்ற மொழியில்தான் பொது ஒழுங்கை விளக்குகிறது. திருட்டுப் பிரதியால் தயாரிப்பாளருக்குப் பண நஷ்டம் வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. அதனால் தெருவில் போகிறவருக்குப் பயம் வருகிறதா என்று கேட்டால், பதில் சொல்வது அவ்வளவு எளிதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில் (2011) உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இன்னொரு கோட்டையும் கிழித்தது. காலாவதியான மருந்துகளை விற்றதாகக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்ட ஒருவரின் மனைவி தொடர்ந்த வழக்கு அது. சாதாரணச் சட்டமே நிலைமையைச் சமாளிக்கப் போதுமானதாக இருந்தால், தடுப்புக் காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஜாமீன் கிடைத்துவிடுமோ என்ற கவலையை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரை அடைக்க முடியாது என்பது அதன்பின் வந்த தீர்ப்புகளிலும் உறுதியானது.

அப்படியென்றால் அடுத்த கேள்வி: சாதாரணச் சட்டம் போதுமானதாக இருக்கிறதா?

மத்தியச் சட்டங்களின் பல் எவ்வளவு கூர்மை?

2004-இல் ‘போதாது’ என்று வாதிட இடம் இருந்திருக்கலாம். இன்று நிலைமை வேறு.

பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63: தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். இது வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் ‘நிட் புரோ’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஜாமீனில் வர முடியாத குற்றம் என்றால் ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை. அது உங்கள் உரிமையாக இல்லாமல் நீதிமன்றத்தின் முடிவாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

பிரிவு 65-ஏ: பூட்டை உடைப்பது. ஓடிடி தளங்கள் தங்கள் வீடியோவுக்குப் போட்டிருக்கும் தொழில்நுட்பப் பூட்டைப் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தில் உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதம். ‘ஒரே பெட்டி, எல்லா ஓடிடியும் இலவசம்’ என்று விற்கப்படும் சாதனங்களின் பின்னால் இருப்பவர்களுக்கு இது பொருந்தும்.

ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், 2023: திரையரங்கில் திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கத்தில் கேமராவை இயக்கினாலே குற்றம். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது ரூ.3 லட்சம், அதிகபட்சம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். ரூ.100 கோடியில் எடுத்த படம் என்றால் அபராதம் ரூ.5 கோடி வரை போகலாம். சட்டத்தில் ‘படம் அல்லது அதன் ஒரு பகுதி’ என்று இருப்பதைக் கவனியுங்கள். ஹீரோ என்ட்ரியை மட்டும் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இதோடு, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் திருட்டு லிங்க்குகளை நீக்க உத்தரவிடும் வகையில், தணிக்கை வாரியத்திலும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திலும் 2023 நவம்பரில் 12 அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள்.

பிடிக்க முடிகிறதா?

‘எவன் எடுத்தான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். டிஜிட்டல் திரையரங்குகளில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ‘வாட்டர்மார்க்’ ஒன்று இருக்கிறது. எந்தத் திரையரங்கு, எந்த நேரம் என்ற விவரம் அதில் பதிந்திருக்கும். செல்போனில் எடுத்த மங்கலான பிரதியிலும் இதைப் பிரித்தெடுக்க முடியும். அதை வைத்துத் திரையரங்கைக் கண்டுபிடித்து, டிக்கெட் முன்பதிவு விவரத்தையும் சிசிடிவி பதிவையும் ஒப்பிட்டு ஆளை நெருங்குகிறார்கள். 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு திரையரங்கில் ‘ராயன்’ படத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் கொச்சி சைபர் போலீசிடம் சிக்கினார்.

டெலிகிராமும் முகமூடி இல்லை. பயிற்சி வகுப்பு ஆசிரியர் ஒருவர் தன்னுடைய பாடங்கள் டெலிகிராம் சேனல்களில் திருட்டுத்தனமாகச் சுற்றுவதாகத் தொடர்ந்த வழக்கில், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களைத் தரும்படி 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறுவனமும் கொடுத்தது.

இணையதளங்களை முடக்குவதுதான் தலைவலி. 2018-இல் ‘2.0’ படம் வெளியானபோது 12,000-க்கும் மேற்பட்ட இணைய முகவரிகளை முடக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. முடக்கிய தளம் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாள் வேறு முகவரியில் திறக்கிறது. இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 2012-இல் ‘3’ படத்துக்காகப் பெற்ற உத்தரவைக் காட்டி, விமியோ போன்ற முழுத் தளங்களையே இணைய நிறுவனங்கள் முடக்கிவிட்டன. குறிப்பிட்ட லிங்க்குகளை மட்டும்தான் முடக்க வேண்டும், தளத்தையே மூடக் கூடாது என்று அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

இணைய, போன் சேவையைத் திருடினால்?

திரைப்படத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். சேவைத் திருட்டு என்பது வேறு விஷயம். இங்கே திருடப்படுவது படமோ பாட்டோ இல்லை. காசு கட்டிப் பெற வேண்டிய இணைப்பு.

முதல் உதாரணம், சிம் பாக்ஸ். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு முறைப்படி உரிமம் பெற்ற நிறுவனங்களின் வழியாக வந்தால் அதற்கு ஒரு கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க, அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, ஒரு வாடகை வீட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் விடுகிறார்கள். பெட்டியில் வரிசையாகச் சிம் கார்டுகள். அவற்றில் ஒன்றிலிருந்து அழைப்பு உங்களுக்கு உள்ளூர் எண்ணாக வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் அரசுக்கும் வருமான இழப்பு. அதைவிடப் பெரிய ஆபத்து, அழைத்தவர் உண்மையில் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போவது. போலி போலீஸ் அதிகாரிகளாகப் பேசிப் பணம் பறிப்பவர்களுக்கு இது ரொம்ப வசதி.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-வது பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினாலோ, நெட்வொர்க்குக்குள் அனுமதியின்றி நுழைந்தாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.2 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும். போனின் ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது, ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்குவது ஆகியவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இரண்டாவது உதாரணம் பக்கத்து வீட்டு வைஃபை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உரிமையாளரின் அனுமதியில்லாமல் கணினி நெட்வொர்க்கில் நுழைவது ஒன்று. நெட்வொர்க்கில் கைவைத்து, ஒருவர் பயன்படுத்திய சேவையின் கட்டணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவது மற்றொன்று. இவற்றை நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

இந்த 66-வது பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-வது அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ்நாடு 2014-இல் குண்டர் சட்டத்தில் சேர்த்த ‘சைபர் குற்றவாளி’ யார் தெரியுமா? அதே 11-வது அத்தியாயத்தின்கீழ் தண்டனைக்குரிய குற்றம் செய்பவர். எனவே வெறும் வரையறையை மட்டும் படித்தால், லட்சக்கணக்கான வங்கிக் கணக்குகளைச் சூறையாடியவரும், பக்கத்து வீட்டு பாஸ்வேர்டை உடைத்தவரும் ஒரே கூடைக்குள் வந்துவிடுகிறார்கள். இருவரையும் பிரித்துக் காட்டுவது ‘பொது ஒழுங்கு’ என்ற சோதனை ஒன்றுதான். அந்தச் சோதனையை முதலில் செய்வது போலீஸ் ஆணையரும் ஆட்சியரும் என்பதால்தான் சட்ட வல்லுநர்கள் கவலைப்படுகிறார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பட்ட பாடு

இதே போன்ற பக்கவாசல் கதை அமெரிக்காவிலும் உண்டு. அங்கேயும் பதிப்புரிமை மத்திய அரசின் கையில்தான். அதனால் மாநிலங்கள் ‘தகவல்தொடர்பு சேவைத் திருட்டு’ என்ற பெயரில் சட்டம் போட்டன. முதலில் கேபிள் டிவி இணைப்பைத் திருட்டுத்தனமாக இழுப்பவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டங்கள். 2000-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கமான எம்பிஏஏ, இணையத்துக்கும் சேர்த்து ஒரு மாதிரிச் சட்டத்தை எழுதி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனது. எதிர்ப்பாளர்கள் அதற்கு ‘சூப்பர் டிஎம்சிஏ’ என்று பெயர் வைத்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் 2003 மார்ச் 31 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரு தகவல்தொடர்பு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் சாதனமே குற்றம் என்கிற அளவுக்கு அதன் வாசகம் அகலமாக இருந்தது. வீட்டு ரவுட்டர், ஃபயர்வால், அலுவலக விபிஎன் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அதைத்தானே செய்கின்றன? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நீல்ஸ் புரோவோஸ், சட்டத்துக்குப் பயந்து தன் ஆராய்ச்சி மென்பொருள்களை நெதர்லாந்தில் உள்ள சர்வருக்கு மாற்றினார். அதே ஆண்டு கொலராடோ சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை ஆளுநர் பில் ஓவன்ஸ் ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்பினார்.

கலிபோர்னியா 2004-இல் இன்னும் வித்தியாசமாக யோசித்தது. படத்தையோ பாட்டையோ அனுமதியின்றி 10 பேருக்கு மேல் இணையத்தில் பகிர்ந்தால், கூடவே உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் தர வேண்டும், தராவிட்டால் குற்றம். பகிர்வதற்காக இல்லை, பெயரை மறைத்துப் பகிர்வதற்காகத் தண்டனை! பதிப்புரிமையைத் தொடாமல் பதிப்புரிமையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

மிச்சிகனில் வாசகம் அகலமாக இருந்தது. தமிழ்நாட்டில் காவல் அதிகாரம் அகலமாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் பிரச்சினையின் வேர் ஒன்றே. உண்மையான நஷ்டத்தைத் தடுக்க எழுதிய சட்டம், யாரைப் பிடிக்க நினைத்ததோ அவர்களைத் தாண்டியும் நீள்கிறது.

சரி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

*திருட்டுத் தளத்தில் படம் பார்த்தால்?* பார்ப்பது மட்டுமே குற்றம் ஆகாது என்பதை பம்பாய் உயர் நீதிமன்றம் 2016-இல் ‘டிஷூம்’ பட வழக்கில் சுட்டிக்காட்டியது. அனுமதியின்றி விநியோகிப்பது, பொதுவெளியில் திரையிடுவது, விற்பது, வாடகைக்கு விடுவது ஆகியவைதான் குற்றம் என்றது. அதற்காக அது பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தளங்களின் விளம்பரங்கள் வழியாக வைரஸ் வருவது தனிக்கதை.

*டோரன்ட்டில் இறக்கினால்?* இங்கே கவனம். டோரன்ட்டில் நீங்கள் இறக்கும்போதே, இறங்கிய துண்டுகள் உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்கும் போகின்றன. உங்களுக்கே தெரியாமல் நீங்கள் விநியோகஸ்தர் ஆகிவிடுகிறீர்கள்.

*டெலிகிராம் சேனல் நடத்தினால்?* படக் கோப்புகளைப் போடும் சேனலின் அட்மின், சட்டத்தின் பார்வையில் நேரடி விநியோகிப்பாளர். பிரிவு 63 முழுதாகப் பொருந்தும். குண்டர் சட்டத்தின் வீடியோ திருடர் வரையறைக்குள் வருவதும் இவர்தான்.

*ஓடிடி பாஸ்வேர்டை நண்பருக்குக் கொடுத்தால்?* இது முதலில் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையேயான ஒப்பந்த மீறல். கணக்கை முடக்கலாம். ஆனால் பாஸ்வேர்டைக் காசுக்குப் பலருக்கு விற்றால் கதை வேறு.

*‘கிராக்’ மென்பொருள் பயன்படுத்தினால்?* பலருக்கும் தெரியாத விஷயம் இது. படம் பார்ப்பவரை விட்டுவிடும் பதிப்புரிமைச் சட்டம், மென்பொருள் விஷயத்தில் பயன்படுத்துபவரையே பிடிக்கிறது. பிரிவு 63-பி படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கமோ தொழில் நோக்கமோ இல்லையென்றால் சிறை இல்லாமல் ரூ.50,000-க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். ஃப்ரீலான்ஸ் எடிட்டர்கள், டிசைனர்களுக்கு அந்தச் சலுகையைக் கோருவது கஷ்டம். அவர்கள் வேலைக்குத்தானே பயன்படுத்துகிறார்கள்?

*உங்கள் பெயரில் எடுத்த சிம்மை அடுத்தவருக்குக் கொடுத்தால்?* அது சிம் பாக்ஸுக்குள் போனால் போலீஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. தொலைந்த அல்லது பயன்படுத்தாத எண்களை முறைப்படி ரத்து செய்துவிடுவது நல்லது.

இனி என்ன?

திரைத்துறையின் இழப்பு கற்பனை இல்லை. இஒய் நிறுவனமும் இந்திய இணையம் மற்றும் மொபைல் சங்கமும் வெளியிட்ட அறிக்கை, 2023-இல் இந்தியாவில் திருட்டுச் சந்தையின் அளவு ரூ.22,400 கோடி என்று மதிப்பிட்டது. அதில் ரூ.13,700 கோடி திரையரங்கப் படங்களிலிருந்து, மீதி ரூ.8,700 கோடி ஓடிடி உள்ளடக்கத்திலிருந்து. பெரிய நட்சத்திரப் படம் முதல் மூன்று நாளில் போட்ட காசை எடுத்துவிடலாம். வாய்வழி விமர்சனத்தை நம்பி இரண்டாவது வாரத்துக்குக் காத்திருக்கும் சின்னப் படத்துக்கு அந்த வசதி இல்லை. அடி முதலில் விழுவது அதற்குத்தான்.

ஆனால் குண்டர் சட்டத்தில் மாட்டுபவர் யார் என்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டு சர்வரிலிருந்து விளம்பர வருமானம் ஈட்டும் தளத்தின் சூத்திரதாரி, சென்னை போலீஸ் ஆணையரின் உத்தரவுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார். கைக்கு எட்டுவது தெருவில் விசிடி விற்றவர், இப்போது திரையரங்கில் போனைத் தூக்கிப் பிடிப்பவர். 3 ஆண்டு சிறை, கோடிகளில் அபராதம், 48 மணி நேரத்தில் லிங்க் நீக்கம் என்று மத்தியச் சட்டங்களே கூர்மையாகிவிட்ட நிலையில், ரேகா தீர்ப்பின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், விசாரணையில்லாத ஓராண்டுச் சிறையை நியாயப்படுத்துவது 2004-ஐவிட இப்போது கடினம்.

அதனால் அடுத்த முறை ‘திருட்டுப் படக் கும்பல் மீது குண்டாஸ்’ என்ற செய்தி உங்கள் போனில் மின்னும்போது, இரண்டு விஷயங்களைத் தேடிப் படியுங்கள். ஒன்று, பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்கு பதிவாகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறதா. இரண்டு, பொது ஒழுங்கு எப்படிக் கெட்டது என்று காவல் உத்தரவில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா. ஆலோசனைக் குழுவும் உயர் நீதிமன்றமும் அந்த உத்தரவில் தேடப் போவதும் இந்த இரண்டாவது காரணத்தைத்தான்.